முதலில் கேட்டது நான்தான்

கண்ணாடி முன்னால் நிற்கும்போதுகூட அந்தப் போலீஸ்காரம்மா ஒரு காலைச் செருப்பிலிருந்து வெளியே எடுத்துவிடுவார். எடுத்த பாதத்தை மற்றக் கால் கெண்டைச்சதையில் ஊன்றி, ஒற்றைக் காலில் நின்றபடியே பேசுவார். வாய் நிறையக் குண்டூசியை வைத்துக்கொண்டு கீழே மண்டியிட்டிருக்கும் நான், "ஆடாதீங்கம்மா" என்று பல்லிடுக்கில் சொல்ல வேண்டியிருக்கும். "நான் எங்கக்கா ஆடறேன், தரைதான் ஆடுது" என்பார். பதினாறு வருஷம் குதிகால் உயர்ந்த செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவோரங்களில் நின்றதில் இரண்டு பாதமும் பாழாகிவிட்டன. கூட வேலை பார்க்கிறவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் கொக்கு. ஒற்றைக் கால் மட்டும் அதற்குக் காரணம் இல்லை.

அவருடைய உத்தியோகமே நிற்பதுதான். காசு கொடுத்துப் பெண்ணைக் கூப்பிடுகிற ஆண்களைப் பிடிக்க, போலீசே ஒரு பெண்ணை மாறுவேஷத்தில் நிறுத்தி வைக்கும். அந்தப் பெண் இவர். பஸ் நிறுத்தத்திலோ, சரக்குக் கிடங்குக்குப் பின்னால் இருக்கும் நடைபாதையிலோ, சீருடை இல்லாமல், உதட்டில் கொஞ்சம் சாயத்தோடு நிற்பார். ஒருவர் வந்து கேட்டால் அவர் கேட்டது பதிவாகும். எதிர்ச்சாரியில் நிற்கிற வேனிலிருந்து நாலு பேர் இறங்கி வருவார்கள். அவ்வளவுதான் வேலை. சொல்வதற்கு நாலு வரி, நிற்பதற்கு நாள் முழுக்க.

வேஷம் என்றதும் சினிமாவில் வருகிற மாதிரி எதையாவது நினைத்துக்கொள்ளாதீர்கள். வயது நாற்பத்து மூன்று. மூக்கு நுனி எப்போதும் சிவந்திருக்கும், தூசி ஒத்துக்கொள்ளாது. கைப்பையைத் திறந்தால் ஒரு வேகவைத்த முட்டை, காகிதத்தில் பொதிந்த உப்பு, பாதி நிரப்பிய குறுக்கெழுத்துப் புதிர், காதில் வைக்கப் பஞ்சு. அதிகாரியின் உத்தரவு கேட்பதற்காகக் காதுக்குள் சொருகுகிற சின்னக் கருவி புண்ணாக்கிவிடுகிறதாம். "என் மேலதிகாரி பேசறது காதுக்குள்ள புண்ணாயிடுச்சுன்னு டாக்டர்கிட்ட சொன்னேன்கா. அது எல்லாருக்கும் உள்ளதுதான்னுட்டார்" என்றார் ஒரு நாள்.

வீட்டில் ஒரு கணவர், ஒரு பெண். கணவர் மருந்துக்கடையில் சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவர், சாது. பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர், "உங்கம்மா என்ன வேலை பாக்கறாங்க?" என்று கேட்டிருக்கிறார். பிள்ளை வெகு பெருமையாக, "பஸ் ஸ்டாப்ல நிப்பாங்க மிஸ்" என்று சொல்லியிருக்கிறது. மறுநாளே தாய்க்கு ஓலை வந்துவிட்டது. இவர் சீருடையைப் போட்டுக்கொண்டு போய் டீச்சர் முன்னால் உட்கார்ந்தாராம். "அந்தம்மா என் தொப்பியையும் பாக்கறாங்க, மூஞ்சியையும் பாக்கறாங்க. கடைசியில, பொண்ணு கணக்குல கொஞ்சம் வீக்குன்னு சொல்லி அனுப்பிட்டாங்க."

இத்தனையும் எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் அவருடைய தையல்காரி. கோர்ட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு ஆள் நுழைந்தால் இன்னொரு ஆள் வெளியே நிற்க வேண்டிய அளவில் எனக்கு ஒரு கடை. புதிதாகத் தைப்பது குறைவு. பிரிப்பது, குறைப்பது, கூட்டுவதுதான் பிழைப்பு. வக்கீல்களின் கறுப்புக் கோட்டில் பாதிப் பேருடைய தொப்பை வரலாறு எனக்கு அத்துப்படி. அந்தப் போலீஸ்காரம்மா என் வாடிக்கையாளராகி ஒரு வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் அவர் என் வீட்டுக்காரரைப் பிடித்தவர்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். இருபத்திரண்டு வருஷம். பிள்ளைகள் அவரை "ஹாரன் மாமா" என்று கூப்பிடுவார்கள், ஆனால் ஹாரன் அடிக்கவே மாட்டார். ஒரு சாயங்காலம் பஸ்ஸைப் பிரேக் வேலைக்காகப் பணிமனையில் விட்டுவிட்டு, வீட்டுக்கு வர வேறு பஸ்ஸுக்காக ஒரு நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தார். ஆறு மணிக்கு வர வேண்டியவர் வரவில்லை. ஏழரைக்கு ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. என்ன குற்றம் என்று எதிர்முனையில் சொன்னபோது, நான் தைத்துக்கொண்டிருந்த கைப்பட்டியை ஊசி எங்கே நின்றதோ அங்கேயே விட்டுவிட்டு எழுந்தேன்.

ஜாமீனில் வந்தார். பதினோரு நாள் நான் அவரோடு பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை மேஜையில் வைக்கிற சத்தத்தில் எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவும் சொன்னேன். அவரும் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. "தப்புப் பண்ணிட்டேன்" என்று மட்டும் ஒரு முறை சொன்னார், அதுவும் என்னைப் பார்த்து இல்லை, குழாயைப் பார்த்து. பள்ளிக்கூடம் தீர்ப்பு வரும்வரை வண்டியைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டது. தண்டனை ஆனால் பிள்ளைகள் ஏறுகிற எந்த வண்டியையும் ஆயுசுக்கும் அவர் ஓட்ட முடியாது. ஐம்பத்து நாலு வயதில் அவருக்கு வேறு என்ன தெரியும்? வேலை போனாலும் எப்படியோ சமாளித்துவிடலாம், எனக்குத் தையல் இருக்கிறது. எனக்குள்ளே அறுத்துக்கொண்டிருந்தது வேறு. இந்த மனுஷன் போய்க் கேட்டாரா? வீட்டில் நான் விளக்கைப் போட்டு வைத்துக் காத்திருக்க, இவராகப் போய் ஒரு பெண்ணிடம் கேட்டாரா? போலீஸ் அறிக்கையில் அப்படித்தான் இருந்தது. 'எதிரி தானாக அணுகி, விருப்பம் தெரிவித்து, தொகைக்கு உடன்பட்டார்.' வக்கீல் எனக்குப் படித்துக் காட்டினார்; எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவராம். அந்த 'தானாக' என்ற சொல் ராத்திரியெல்லாம் என் பக்கத்திலேயே படுத்திருந்தது.

வக்கீல் என் வாடிக்கையாளர்தான். அவருடைய கோட்டை நான் மூன்று முறை பிரித்துக் கொடுத்திருக்கிறேன். அவர் எனக்குப் புரிகிற மாதிரிச் சட்டத்தைச் சொன்னார். "பொறி வைக்கறது தப்பில்லம்மா. எலி வர்ற வழியில போலீஸ் பொறி வைக்கலாம். ஆனா தூங்கிட்டிருக்கற எலியைத் தட்டி எழுப்பி, வா ராசான்னு கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயி, வாயைத் திறந்து ரொட்டித்துண்டைத் திணிச்சுட்டு, இந்தா பாரு எலின்னு சொல்லக் கூடாது. அந்த எண்ணம் அவரோடதா, போலீஸ் போட்டுக் குடுத்ததா? கேஸே அதுலதான் நிக்குது. யாரு முதல்ல கேட்டாங்கன்னு தெரிஞ்சாப் போதும்."

"பதிவு இருக்குமே?" என்றேன்.

"இருக்கு. ஆனா நடுவுல இருந்துதான் இருக்கு" என்றார்.

நடந்தது இதுதான். பதிவுக் கருவி அந்தம்மாவின் கைப்பையில் இருக்கும். எப்போது அதை முடுக்க வேண்டும் என்று வேனில் இருக்கிற அதிகாரி காதுக்குள் சொல்வார். வெட்டிப்பேச்செல்லாம் எதற்கு, பேச்சு பழுக்கிற சமயத்தில் முடுக்கினால் போதும் என்பது அந்தக் குழுவின் வழக்கம். கேட்கிறவர்களுக்கும் சுலபம், எழுதுகிறவர்களுக்கும் சுலபம். என் வீட்டுக்காரர் விஷயத்தில் பதிவாகியிருந்தது ஒரு பெண் குரலில் ஒரு வாக்கியம், பிறகு என் வீட்டுக்காரர் குரலில் ஒரே ஒரு வார்த்தை. "சரி."

கோர்ட்டில் அதைப் போட்டுக் காட்டினார்கள். இருபத்தேழு வருஷமாக எனக்குத் தெரிந்த குரல். கத்தரிக்காய் வாங்கி வரட்டுமா என்றால் சொல்கிற அதே "சரி". எனக்கு அழுகைகூட வரவில்லை.

அன்றைக்குத்தான் அந்தம்மாவை முதன்முதலாகப் பார்த்தேன். பார்ப்பதற்கென்றே போயிருந்தேன். என்னென்னவோ வசவுகளைத் தயார் பண்ணி மடியில் கட்டிக்கொண்டு போயிருந்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கூண்டில் ஏறியவர் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். சீருடையின் வலது தோள் தையல் அரை விரல் தள்ளி இருந்தது. எவனோ அவசரத்தில் தைத்திருக்கிறான். வயிறு எரிந்துகொண்டிருக்கிற நேரத்திலும் என் கண் அதைத்தான் பார்த்தது.

வக்கீல் கையில் பதினைந்து கேள்விகள் எழுதி வைத்திருந்தார். முதல் கேள்வியைக் கேட்டார். "சம்பவத்தன்று முதலில் பேசியது யார்?"

இரண்டாவது பெஞ்சில் அந்தம்மாவின் அதிகாரி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அந்தம்மா ஒரு தடவை அவரைப் பார்த்தார். பிறகு நீதிபதியைப் பார்த்துச் சொன்னார்.

"நான்தாங்கய்யா. முதல்ல கேட்டது நான்தான்."

வக்கீல் தன் தாளைப் பார்த்தார். இரண்டாவது கேள்வி அவருக்கு உதவாமல் போய்விட்டது.

"எத்தனை தடவை கேட்டீங்க?"

"மூணு தடவை."

"அவர் என்ன சொன்னார்?"

"முதல் தடவை, வேண்டாம்மான்னார். ரெண்டாவது தடவை, வேண்டாம், மழை வர்ற மாதிரி இருக்கு, நீங்களும் வீட்டுக்குப் போங்கன்னார். அப்புறம் நான் பக்கத்துல போயி உக்காந்தேன். ஏங்க, உங்களையும் விட்டா எனக்கு இன்னைக்கு யாருமில்லைங்க, தனியா இருக்கேன்னு சொன்னேன். தொகையைச் சொன்னதும் நான்தான். அப்ப சரின்னார்."

"அறிக்கையில் இப்படி இல்லையே?"

"இல்லீங்க. அறிக்கை நான் எழுதல. கையெழுத்து என்னுது. படிச்சுட்டுத்தான் போட்டேன். அது என் தப்பு."

வக்கீல் மிச்சப் பதின்மூன்று கேள்வியையும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். என் பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர், "என்னம்மா, கேஸ் முடிஞ்சுதா?" என்று கிசுகிசுத்தார். மடியில் கட்டிக்கொண்டு போன வசவுகளை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

வழக்கு தள்ளுபடி ஆயிற்று. இனி இந்த மாதிரி வேலைகளில் நிற்கிறவர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே பதிவு ஆரம்பித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று நீதிபதி எழுதி வைத்தார். என் வீட்டுக்காரர் மறு வாரமே பஸ்ஸை எடுத்தார். பதினோரு நாளும் அதற்குப் பிறகு அளந்து அளந்து பேசிய மாதங்களும் முடிந்து, நான் அவரைக் கேட்ட முதல் கேள்வி, "ஏன் சொல்லல, ரெண்டு தடவை வேண்டாம்னு சொன்னதை?"

"மூணாவது தடவை சரின்னு சொன்னேனே. அப்புறம் அதைச் சொல்லி என்ன?" என்றார்.

அந்த இரண்டு வேண்டாமையும் எனக்கு எடுத்துக் கொடுத்தவர் அந்தப் போலீஸ்காரம்மா. இல்லையென்றால் இந்த மனுஷன் அதை வாயைத் திறந்து சொல்லியிருக்கவே மாட்டார். நானும் அந்த 'தானாக' என்ற சொல்லோடுதான் மிச்ச ஆயுளைக் கழித்திருப்பேன். அந்தம்மாவுக்கு நான் எவ்வளவு கடன்பட்டவள் என்று எழுத்தில் வைக்கத்தான் இந்தக் கட்டுரையே. வேறு யாராவது எழுதியிருந்தால் நன்றாக எழுதியிருப்பார்கள். ஆனால் வேறு யாருக்கும் இந்த நன்றி இல்லை.

உண்மை சொன்னதற்கு அவருக்குக் கிடைத்தது, கண்டெடுத்த பொருள்கள் வைக்கும் அறை. அடித்தளத்தில் ஜன்னல் இல்லாத அறை. எட்டு மாதம். உத்தியோகத்தில் ஏற வேண்டிய ஒரு படியும் ஏறவில்லை. ஒற்றைக் கையுறை, குடை, ஊன்றுகோல் என்று வந்து சேர்வதையெல்லாம் எழுதி அடுக்குவது வேலை. "ஒரு பல்செட்டுக்கா. யாருமே தேடி வரல. எட்டு மாசம் அது என்னைப் பாத்துச் சிரிக்குது, நான் அதைப் பாத்துச் சிரிக்கறேன்" என்றார். பழைய கூட்டாளிகள் வராந்தாவில் எதிரே வந்தால் சுவரில் இருக்கும் அறிவிப்புப் பலகையைப் படிக்க ஆரம்பித்துவிடுவார்களாம். பலகையில் மூன்று வருஷமாக ஒரே அறிவிப்புத்தான் இருக்கிறதாம்.

பிறகு அவர்களே கூப்பிட்டார்கள். நீதிபதி அப்படி எழுதி வைத்த பிறகு, மற்ற பெண்கள் நின்ற வழக்குகளில் வக்கீல்கள் குடைந்து தள்ள, ஒன்றும் நிற்கவில்லை. "நான் வந்து சொன்னா நீதிபதி நம்பறாராம். என்னைத் தூக்கி அடிச்சதும் அதுக்குத்தான், தூக்கிட்டு வந்ததும் அதுக்குத்தான்." இரண்டு நிபந்தனை போட்டுவிட்டுத்தான் திரும்பப் போனார். பதிவுக் கருவி கைப்பையில் இருக்காது, உடம்பில் இருக்கும். ஸ்டேஷன் வாசலிலேயே அவரே முடுக்குவார். காதில் கேளு, கேளு என்று யாரும் ஓதக் கூடாது.

அந்த உடம்பில் இருக்கும் கருவிக்காகத்தான் என் கடைக்கு வந்தார். நான் துணி வெட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் விழ, நிமிர்ந்து பார்த்தேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொண்டோம். என் கையில் ஒரு முழ நீளத்துக்குக் கத்தரிக்கோல் இருந்தது.

"அது துணிக்கு மட்டுந்தானே?" என்றார்.

என்னையறியாமல் சிரித்துவிட்டேன்.

"ஊர்ல வேற தையல்காரங்களே இல்லையான்னு கேக்காதீங்கக்கா. இருக்காங்க. உள்பை எதுக்கு, ஏன் இந்த இடத்துலன்னு ஆயிரம் கேள்வி கேப்பாங்க. உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்ல பாருங்க" என்று ஒரு மேல்கோட்டை மேஜைமேல் வைத்தார். பைக்கு அளவெடுக்கிற சாக்கில் அவர் பழைய சீருடையின் தோளையும் வாங்கிப் பிரித்துச் சரிபண்ணினேன். அதற்குக் கூலி கேட்டால் என் கையே என்னை மன்னிக்காது.

முதலில் தைத்த பை சரிப்படவில்லை. இடது பக்கம் நெஞ்சோடு வைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து வந்தவர், "அக்கா, என் நெஞ்சு திக்குதிக்குங்கறதுதான் பதிவாயிருக்கு. ஆளு பேசினது ஒண்ணுமே கேக்கல. அதிகாரி கேட்டுட்டு, இவ்வளவு பயமான்னு கேக்கறாரு" என்றார். பிரித்து, கழுத்தெலும்புக்கு இரண்டு விரல் கீழே மாற்றினேன். அப்புறம் உள்துணி உரசிச் சரசரவென்றது. அதையும் மாற்றிப் பழைய பருத்தி வேட்டித் துணியில் தைத்தேன். துவைத்துத் துவைத்து மெத்தென்றான துணி சத்தம் போடாது. மூன்றாம் தடவை சரியாக வந்தது. கடையிலேயே முடுக்கிப் பார்த்தார். தேதி, நேரம் எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், "நான் இன்னும் யார்கிட்டயும் பேசல" என்று சொன்னார். ஒவ்வொரு நாளும் பதிவை அப்படித்தான் ஆரம்பிக்கிறாராம்.

ஆண்களைப் பிடிக்கப் பை தைத்துக் கொடுக்கிறாயே, உனக்கு உறுத்தவில்லையா என்று என் நாத்தனார் கேட்டாள். உறுத்தத்தான் செய்தது. பிடிபடுகிறவன் ஒவ்வொருவனுடைய வீட்டிலும் ஒருத்தி சாப்பாட்டை மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு ஒரு நாள் போன் வரும். அவன் என்ன சொன்னான், அவனிடம் என்ன சொன்னார்கள், எது முன்னால், எது பின்னால் என்று அவளுக்கு முழுசாகத் தெரியட்டும். நான் தைப்பது அவளுக்காக. நாத்தனாரிடம் இதைச் சொன்னேன். அவளுக்குப் புரிந்த மாதிரித் தெரியவில்லை, ஆனால் தன் பாவாடைக்கும் ஒரு உள்பை வைத்துத் தரச் சொல்லிவிட்டுப் போனாள்.

இப்போதெல்லாம் போலீஸ்காரம்மா வாயே திறப்பதில்லை. "நிக்கறது என் வேலை. கேக்கறது அவன் வேலை. நெஜமாவே தேடி வர்றவன் வருவான்கா. மூணு சுத்து சுத்துவான், வாட்சைப் பாப்பான், செருப்பு வாரைக் குனிஞ்சு சரிபண்ணுவான், அப்புறம் வந்து கேப்பான். அவனுக்கு நான் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்ல." அப்படி வருகிறவர்களில் சிலர் பெண்களை அடித்துத் துன்புறுத்துகிறவர்கள் என்று அவருக்குத் தெரியும். அவர்களைப் பற்றிப் பேசும்போது ஒற்றைக் காலில் நிற்க மாட்டார், இரண்டு காலையும் ஊன்றிக்கொள்வார். தயங்கித் தயங்கி வருகிறவர்கள் வேறு ரகம். அவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே இவர் தும்மிவிடுவார். மூக்கைச் சிந்தி, கைக்குட்டையை உதறி, இன்னொரு தும்மல். முக்கால்வாசிப் பேர் அதிலேயே வீட்டு ஞாபகம் வந்து போய்விடுகிறார்களாம்.

தப்பாகப் புரிந்துகொண்டு நல்லது செய்கிறவர்களும் உண்டு. தலை நரைத்த ஒருவர் மூன்று நாள் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். நாலாம் நாள் கிட்டே வந்தார். வேனில் நாலு பேரும் கதவைப் பிடித்துக்கொண்டு தயாரானார்கள். அவர் பையிலிருந்து ஒரு விண்ணப்பத் தாளை எடுத்து நீட்டி, "எங்க லாண்டரியில ஆள் எடுக்கறாங்கம்மா. நான் சொல்லி வெச்சிருக்கேன். நாளைக்குக் காலையில வந்துடு" என்றாராம். "அந்தச் சம்பளம் என் சம்பளத்தைவிட ஜாஸ்திக்கா. ரெண்டு நாள் யோசிச்சேன்" என்றார் போலீஸ்காரம்மா. அந்தத் தாளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார்.

கூண்டில் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று ஒரு தடவை கேட்டேன். குழுவோடு ஒத்துப்போயிருந்தால் ஒரு கஷ்டமும் இல்லையே. குண்டூசி டப்பாவை மூடித் திறந்து மூடிக்கொண்டே இருந்தார். "அன்னைக்கு அஞ்சு மணி வரைக்கும் ஒரு ஆளும் சிக்கல. வெறுங்கையோட திரும்பக் கூடாதுன்னு காதுல கேளு கேளுன்னு சொல்லிட்டே இருந்தாரு. சரி, கேட்டுத் தொலைவோம்னு கேட்டேன். உங்க வீட்டுக்காரர், மழை வரும், வீட்டுக்குப் போங்கன்னாரு. பதினாறு வருஷத்துல எத்தனையோ பேரு என்னை என்னென்னவோ கேட்டிருக்காங்க. வீட்டுக்குப் போங்கன்னு ஒருத்தரும் சொன்னதில்ல. அந்த வாக்கியத்தை அறிக்கையில தேடினேன். இல்ல. கையெழுத்துப் போட்டுட்டேன், ஆனா அது இல்லங்கறது போகவே இல்லக்கா." சொல்லிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டார், தூசியென்று நினைத்துக்கொள்ளட்டும் என்று.

என் வீட்டுக்காரருக்கு அவர் கடைக்கு வருவது தெரியும். முதல் தடவை சொன்னபோது, "நல்லாத் தெச்சுக் குடு" என்று மட்டும் சொன்னார். இதுவரை இரண்டு பேரும் கடையில் நேருக்கு நேர் சந்தித்ததில்லை. இதை எழுதப் போகிறேன் என்று இரண்டு பேரிடமும் கேட்டேன். அவர், "பேரைப் போட்டுடாதே" என்றார். அந்தம்மா, "மூக்கை மட்டும் எழுதாதீங்கக்கா" என்றார். அவருக்குக் கொடுத்த வாக்கை என்னால் காப்பாற்ற முடியவில்லை.

போன வாரம் மத்தியானம் புதுக் கோட்டு ஒன்றுக்குப் பை வைக்க வந்திருந்தார். தோளில் ஊசி குத்திக்கொண்டிருந்தேன். தெருவில் நடமாட்டம் இல்லை. ஒன்றரை வருஷமாக நாக்கு நுனியில் நின்றுகொண்டிருந்த கேள்வியை அன்றைக்குக் கேட்டுவிட்டேன். இரண்டு வேண்டாமுக்கு நன்றி சொல்லித் தீர்த்தாயிற்று. அந்த ஒரு சரி மட்டும் எனக்குள் அப்படியே கிடந்தது. சோறு பரிமாறும்போது, விளக்கை அணைக்கும்போது, அவர் சாதாரணமாக எதற்காவது "சரி" என்று சொல்லும்போதெல்லாம் அது எழுந்து உட்கார்ந்துகொள்ளும்.

"மூணாவது தடவை அவர் எப்படிம்மா சொன்னாரு?" என்றேன்.

"பதிவுல கேட்டீங்களேக்கா."

"சத்தந்தான் கேட்டேன். மொகம் தெரியலயே."

அவர் என்னைப் பார்த்தார். ஆறுதலாக ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம், நானும் வாங்கி வைத்துக்கொண்டிருப்பேன். "சொல்லத் தெரியாதுக்கா. இருங்க" என்றார்.

ஊசி குத்திய கோட்டோடு போய் வாடிக்கையாளர் உட்காரும் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். தோளைத் தொங்கவிட்டு, இரண்டு கையையும் முழங்காலுக்கு நடுவே சேர்த்து வைத்துக்கொண்டார். அப்படி உட்காருகிற ஒரே ஆளை எனக்குத் தெரியும். பிறகு மெல்லத் தலையைத் திருப்பி, கடை வாசல் வழியாகத் தெருவின் ஒரு கோடியைப் பார்த்தார். நிதானமாக மறு கோடியைப் பார்த்தார், இன்னும் அதிக நேரம், யாராவது வந்து பேர் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்து போய்விடலாம் என்று இருக்கிறவர் மாதிரி. யாரும் வரவில்லை. மறுபடியும் முதல் கோடியைப் பார்த்தார். கடைசியில் தன் கைகளைக் குனிந்து பார்த்துக்கொண்டு, எதிரில் இருந்த என் முகத்தைப் பார்க்காமலே, தலையை ஒரே ஒரு முறை ஆட்டினார்.